மண்பாதையில் பைக் ஓட்டக் கற்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி தாண்டி மலையடிவாரம் நோக்கிப் போகும் பாதைகளில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளர்கள் சாதாரண நூறு சிசி வண்டியில், வாளியும் கேனும் கட்டிக்கொண்டு, சரள் மண் ஏற்றத்தைப் பதற்றமில்லாமல் ஏறிப் போவார்கள். கியரைக் குறைத்து வைத்திருப்பார்கள். பிரேக்கைச் சட்டென்று பிடிக்க மாட்டார்கள். பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து சற்று எழுந்துகொள்வார்கள். பல ஆண்டுகள் தினமும் ஓட்டியதில் அவர்களுக்குக் கைவந்த பழக்கம் அது. அதைச் சில மாதங்களில் கற்க விரும்பும் உங்களுக்கு ஒழுங்கான வரிசை வேண்டும். அந்த வரிசையைத் தருவதே இந்த அத்தியாயம்.

தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறோம். மண்ணில் டயர் எப்போதும் கொஞ்சம் நழுவிக்கொண்டேதான் இருக்கும். அந்த நழுவலுக்குப் பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவர் விழுவார். கையைத் தளர்த்தி, முழங்காலால் வண்டியைப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைப்பவர் தாண்டிப் போவார். கீழே வரும் எல்லாப் பயிற்சிகளும் இந்த ஒன்றைப் பழக்குவதற்காகத்தான்.

முதலில் ஒரு நல்ல பயிற்சியாளர்

மண்பாதை ஓட்டத்தைப் படம் பார்த்துப் படித்தால் பாதிதான் வரும். உங்கள் முழங்கை தாழ்ந்திருப்பதும், பார்வை முன்சக்கரத்தில் விழுந்திருப்பதும் உங்களுக்கே தெரியாது. வெளியே நின்று பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

தென்னிந்தியாவில் இதற்கென்றே அமைந்த இடங்களில் முக்கியமானது கர்நாடகத்தின் கோலார் அருகே இருக்கும் பிக் ராக் டர்ட் பார்க். டக்கார் பாலைவன ராலியை முழுமையாக முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பயிற்சித் தளம் அது. 2015-ல் அந்த ராலியை அவர் 36-ஆவது இடத்தில் முடித்தார். நமக்குப் பக்கத்துக் கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்றார். இந்தியர் ஒருவர் டக்காரில் ஒரு பிரிவை வென்றது அதுவே முதல் முறை. பாலைவனத்தில் இறங்குவதற்கு முன் அவர் பழகியது சூப்பர்கிராஸ், மோட்டோகிராஸ் மைதானங்களில். மூடிய மைதானத்தில் அடிப்படை, அதன் பிறகே திறந்த வெளி என்ற வரிசை அவரைப் போன்றவருக்கே தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

கோலாருக்குப் போக, நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் வரை நேரடி இரவு ரயில் இருக்கிறது. பயிற்சிக்குச் சொந்த வண்டியிலேயே போக வேண்டாம். நெடுந்தூரம் ஓட்டிய களைப்போடு பயிற்சியில் இறங்குவது வீண். பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. பயிற்சி வண்டியும் கவசங்களும் அவர்களே தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா?
2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? ஐந்தாறு பேருக்கு மேல் என்றால் உங்கள் தவறுகளைக் கவனிக்க நேரம் இருக்காது.
3. முதலுதவி தெரிந்தவரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாகனமும் களத்திலேயே உண்டா?
4. வண்டி சேதமானால் செலவு யாருடையது?

குறிப்பு: வெளியூர் போக வசதியில்லை என்றால், போட்டிகளில் ஓட்டிய அனுபவமுள்ள ஒருவரைத் தேடுங்கள். அவர் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். மெதுவாக ஓட்டிக் காட்டி, ஏன் அப்படிச் செய்கிறார் என்று விளக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எங்கே பழகலாம், எங்கே கூடாது

பயிற்சிக்கு மலை வேண்டாம். ஒரு ஏக்கர் சமதளம் போதும்.

*ஏற்ற இடங்கள்*

- தெரிந்தவர்களின் தரிசு விளை (தோப்பு நிலம்). உரிமையாளரிடம் நேரில் அனுமதி கேளுங்கள். பழகும் முன் முழு இடத்தையும் நடந்து பாருங்கள். நம் பக்கத்து விளைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். முள்கம்பி வேலி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தென்னைக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டாம்.
- அறுவடை முடிந்த வயல். கும்பப்பூ நெல் அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. கன்னிப்பூ சாகுபடிக்கு அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் வரும். இடையில் வயல் காய்ந்து கிடக்கும் நாள்களில், விவசாயி சம்மதித்தால், ஒரு மூலையைக் கேட்டு வாங்கலாம். வரப்பை உடைக்காதீர்கள். வைக்கோல் பரந்து கிடக்கும் இடத்தில் சூடான சைலன்சருடன் வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.
- தனியார் ரப்பர் தோட்டத்து வண்டிப்பாதை. அடிப்படை தெரிந்த பிறகே, அனுமதியுடன், பால்வெட்டும் பால் சேகரிப்பும் முடிந்த பின்னரே போக வேண்டும்.

*கூடாத இடங்கள்*

- காடு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். அனுமதியின்றி உள்ளே போவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காளிகேசம், கோதையாறு, மாறாமலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. எஞ்சின் சத்தத்தில் யானை பக்கத்தில் நிற்பது உங்கள் காதுக்கு எட்டாது. வனத்துறைச் சோதனைச் சாவடி எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் பயணம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களுக்கும் இதே விதிதான்.
- கடற்கரை. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் மணல் ஆசையைத் தூண்டும். ஆனால் கரை முழுக்க மீனவர்களின் வலையும் வள்ளமும் பிழைப்பும் இருக்கின்றன. ஆமை முட்டையிடும் மணலும் அதுவே. இறங்காதீர்கள்.
- குளத்தங்கரையும் சானல்கரையும். சக்கரம் கிளறிய கரையில்தான் அடுத்த மழையில் உடைப்பு எடுக்கும். ஒரு பத்தின் (பாசனப் பரப்பின்) வயல் முழுவதும் அந்தக் கரையை நம்பி இருக்கிறது.
- கைவிடப்பட்ட கல்குவாரிகள். விளிம்பு எப்போது சரியும் என்று தெரியாது. கீழே தண்ணீரின் ஆழமும் தெரியாது.

வண்டி

முதல் இரண்டு மாதங்களுக்குப் புதிய வண்டி வாங்க வேண்டாம். இருக்கும் சாதாரண வண்டியே போதும். எடை குறைவு என்பது கற்பவருக்குப் பெரிய வரம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டி சுமார் 112 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 160 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஏறக்குறைய 200 கிலோ. விழுந்த வண்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால் மூன்றைக் கவனியுங்கள்:

1. முன்சக்கர அளவு. 21 அங்குலச் சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் எளிதாக ஏறிக் கடக்கும். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் இரண்டிலும் இதே அளவுதான்.
2. தரை இடைவெளி. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் 220 மில்லிமீட்டர். சாதாரண வண்டிகளில் இது 165 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.
3. இருக்கை உயரம். 825 மில்லிமீட்டர் இருக்கையில் உட்கார்ந்து இரு காலின் முன்பாதமாவது தரையில் ஊன்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சைலன்சரைக் கழற்றுவது, சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றுவது இரண்டும் வேண்டாம். சத்தம் கேட்ட தோட்டக்காரர் அடுத்த முறை யாருக்குமே அனுமதி தர மாட்டார். கியர் உள்ள வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி இடம் வரை போகும் பொதுச்சாலைக்கு உரிமமும் காப்பீடும் கட்டாயம்.

கவசம்

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்:

1. ஐஎஸ் 4151 முத்திரையுள்ள, தாடையையும் மூடும் ஹெல்மெட்.
2. கணுக்காலுக்கு மேல் ஏறும் உறுதியான பூட்ஸ். மண்ணில் முதலில் அடிபடுவது கணுக்கால்தான். செருப்பு, கேன்வாஸ் ஷூ அறவே கூடாது.
3. முழங்கால் காப்பும் முழங்கைக் காப்பும்.
4. முழு விரல் கையுறை.
5. மார்பு, முதுகுக் காப்பு.
6. தூசிக்குக் கண்ணாடி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கவசத்துக்குள் உடல் சீக்கிரம் சோர்ந்துவிடும். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மோரோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ இருந்தால் இன்னும் நல்லது.

கிளம்பும் முன் சோதனை

1. டயர் காற்று. தார்ச்சாலைக்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவிலிருந்து மண்ணுக்கு 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். ட்யூப் உள்ள டயரில் 18-க்குக் கீழே போகாதீர்கள், கல்லில் மோதி ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். கையடிப் பம்பு கொண்டுபோங்கள். தாருக்குத் திரும்பும் முன் மறுபடி நிரப்புங்கள்.
2. பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும். நின்றபடி விரல் எட்டும் கோணத்துக்குச் சற்றுக் கீழே திருப்பி வையுங்கள்.
3. செயின் தளர்ச்சி, ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஃபுட்ரெஸ்ட் போல்ட்.
4. கண்ணாடிகளை உட்புறமாக மடக்குங்கள்.
5. பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இருந்தால், மண்ணில் இறங்கிய பிறகு மட்டும் அணையுங்கள். முன்சக்கர ஏபிஎஸ் இருக்கட்டும்.
6. யார் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள்.

எட்டுப் படிகள்

ஒரு படி உடம்புக்குப் பழகாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

படி 1: விழுந்த வண்டியைத் தூக்குதல்

1. முதலில் கில் சுவிட்சாலோ சாவியாலோ எஞ்சினை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா பாருங்கள்.
2. வண்டி வலப்பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கி, முதல் கியரில் விடுங்கள்.
3. ஹேண்டிலை வண்டி கிடக்கும் பக்கமாக முழுவதும் திருப்புங்கள்.
4. இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் குத்தவையுங்கள். ஒரு கை ஹேண்டில் முனையில், மறு கை பின்பக்கச் சட்டத்தில்.
5. முதுகை நேராக வைத்துக் காலால் தள்ளி, சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்து எழுப்புங்கள்.

இடுப்பை வளைத்துக் கையால் தூக்குபவர்களுக்குத்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது. பஞ்சுப் பாய் விரித்து அதன் மேல் வண்டியைச் சாய்த்து, இரு பக்கமும் பழகுங்கள்.

படி 2: வண்டியோடு நடத்தல்

எஞ்சினை அணைத்து வண்டியின் இடப்பக்கம் நின்று தள்ளுங்கள். ஒரு கையால் மட்டும் பிடித்து நிறுத்திப் பாருங்கள். சமநிலை எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் எடை கைக்கு வருகிறது என்று உணருங்கள். வண்டி எடையல்ல, சாய்வுதான் கனம் என்பது இங்கே புரியும்.

படி 3: கிளட்ச்

முதல் கியரில், நடந்து போகும் ஒருவரின் வேகத்தைவிட மெதுவாக 20 மீட்டர் போங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைக் கிளட்ச்சால் மட்டும் கூட்டிக் குறையுங்கள். கிளட்ச்சிலும் பிரேக்கிலும் ஒன்றோ இரண்டோ விரல் போதும். மற்ற விரல்கள் பிடியில் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்ச் சூடு ஆற விடுங்கள்.

படி 4: நின்று ஓட்டுதல்

1. ஃபுட்ரெஸ்டில் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி எழுங்கள்.
2. முழங்கால் சற்று மடங்கி டாங்கைத் தொட்டிருக்கட்டும்.
3. இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். முழங்கை வெளியே விரிந்து உயரட்டும்.
4. பார்வை 15 மீட்டர் முன்னே.
5. சோதனை: கையை ஒரு கணம் தளர்த்தினாலும் நீங்கள் பின்னால் விழக்கூடாது. விழுவதுபோல் இருந்தால் ஹேண்டிலில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

நின்றால் பள்ளத்தின் அதிர்ச்சியை உங்கள் கால் வாங்கிக்கொள்ளும். வண்டி கீழே இடமும் வலமும் ஆடினாலும் உடம்பு நேராக இருக்கும்.

படி 5: பிரேக்

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள்.

1. பின் பிரேக்கை மட்டும் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்க விடுங்கள். ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகப் பாருங்கள். பின்பக்கம் ஆடும், வண்டி நேரே போகும். பயம் போவதற்கான பயிற்சி இது.
2. அடுத்து முன் பிரேக்கை ஒரே விரலால், மெல்ல மெல்ல அழுத்திக் கூட்டுங்கள். முன்சக்கரம் பூட்டிக்கொள்வதாகத் தோன்றிய நொடியில் விடுங்கள்.
3. இரண்டையும் சேர்த்து, இடுப்பைச் சற்றுப் பின்னே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

வளைவில் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். மண்ணில் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 6: திரும்புதல்

தாரில் நாமும் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். மண்ணில் மெதுவாகத் திரும்பும்போது வண்டியை மட்டும் உள்ளே சாய்த்து, உடம்பு வெளிப்பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டில் எடையைக் கொடுங்கள். முகத்தைப் போக வேண்டிய பக்கம் திருப்புங்கள். கூம்பு இல்லாவிட்டால் தேங்காய்த் தொண்டுகளை வைத்து, எட்டு வடிவில் இரு பக்கமும் சமமாகப் பழகுங்கள். ஒரு பக்கம் மட்டும் எளிதாக வந்தால் மறு பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

படி 7: ஏற்றமும் இறக்கமும்

ஆளுயரம் மட்டுமே உள்ள, கீழே பரந்த இடமுள்ள மேட்டில் தொடங்குங்கள். நடந்து ஏறி, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

*ஏறும்போது:* இரண்டாம் கியர், வேகம் அடிவாரத்திலேயே வேண்டும். நெஞ்சு ஹேண்டிலுக்கு மேலே வரட்டும். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். உச்சி நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள்.

*பாதியில் நின்றுபோனால்:*

1. முன் பிரேக்கைப் பிடியுங்கள். கிளட்ச்சை விட்டு, எஞ்சின் கியரிலேயே அணையட்டும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.
2. மேட்டுப் பக்கமாக வண்டியைச் சாய்த்து, மேட்டுப் பக்கமாகவே இறங்குங்கள். பள்ளப் பக்கம் நின்றால் வண்டி உங்கள் மேல் விழும்.
3. முன் பிரேக்கைத் தளர்த்தியும், கிளட்ச்சைச் சற்றே பிடித்தும் விட்டும், வண்டியைச் சிறிது சிறிதாகப் பின்னே விட்டுக் குறுக்கே திருப்புங்கள்.
4. முகப்பு கீழ்நோக்கித் திரும்பியதும் ஏறி, முதல் கியரில் இறங்குங்கள்.

*இறங்கும்போது:* முதல் கியர், கிளட்ச்சைத் தொடவே வேண்டாம். எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். இடுப்பு பின்னே, கை நீண்டு தளர்ந்து, இரண்டு பிரேக்கும் மெல்ல. கிளட்ச்சைப் பிடித்த நொடியில் வண்டி உருண்டோடும்.

படி 8: தண்ணீர்

1. நடந்து கடந்து பாருங்கள். தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேல் வந்தாலும், நிற்கும்போது காலை இழுத்தாலும் திரும்பிவிடுங்கள்.
2. பாசி பிடித்த பாறையைத் தவிர்த்து, சிறு கூழாங்கல் உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள்.
3. முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில், எதிர்க்கரையைப் பார்த்துப் போங்கள்.
4. கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துங்கள்.
5. வண்டி தண்ணீரில் விழுந்து எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே முயலுங்கள்.

எச்சரிக்கை: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள். வெள்ளம் பின்னால் வருகிறது.

நம் மாவட்டத்து மண்ணை அறிதல்

சரள் மண். கெட்டியான தரை மேல் உருண்டைச் சிறுகல். மேற்குப் பகுதியில் கல்குளம், விளவங்கோடு பாதைகளில் எங்கும் உண்டு. நேராகப் போகும்போது தெரியாது, வளைவில் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடியுங்கள். பலமுறை சக்கரம் ஓடித் தெளிந்த தடத்திலேயே போங்கள்.

நனைந்த செம்மண். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மழை விழுந்த முதல் அரைமணி நேரம் செம்மண்ணின் மேற்பரப்பு மட்டும் குழைந்து அதிகமாக வழுக்கும். புதியவர்கள் அந்த நேரத்தில் வண்டியை எடுக்க வேண்டாம். பழகுவதற்குச் சிறந்தது ஜனவரி முதல் மார்ச் வரை.

ரப்பர்ச் சருகு. டிசம்பர், ஜனவரி தொடங்கி ரப்பர் மரம் இலையுதிர்க்கும். பாதை மெத்தைபோல் மூடிக்கிடக்கும். அடியில் வேரும், மழைநீர் தேங்க வெட்டிய குழியும் இருக்கும். தெரியாத தோட்டத்தில் இந்தக் காலத்தில் முதலில் நடந்து போங்கள். கல்லிடுக்கிலும் சருகிலும் விரியன் கிடக்கும், கையை வைக்காதீர்கள்.

களிமண். வயலும் குளத்து உட்பகுதியும். ஈரத்தில் டயர்ப் பள்ளங்களை அடைத்து வழவழப்பாக்கிவிடும். இரண்டாம் கியரில் சீராகப் போங்கள். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, இறங்கித் தள்ளுங்கள்.

மணல். கடலோர ஊர்ப்பாதைகளில் காற்று கொண்டுவந்து போடும் மணல் திட்டுகள் வரும். திட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கூட்டி, எடையைப் பின்னே கொண்டுபோங்கள். முன்சக்கரம் அலையும், அலையட்டும். ஆழமான மணலைப் பயிற்சித் தளத்தில் பழகுவதே நல்லது.

காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் அந்தப் பக்கத்து மேடுகளில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். தோவாளைக்குக் கிழக்கே பழகுவதானால் காற்று எழும் முன் விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

அடிக்கடி செய்யும் தவறுகள்

- காலை நீட்டி ஊன்றுதல். வண்டி சாய்ந்தால் கால் தானாக வெளியே போகும். ஓடும் வண்டியில் ஊன்றினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பாதம் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கட்டும்.
- தடையைப் பார்ப்பது. கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுவீர்கள். கல்லுக்குப் பக்கத்து வழியைப் பாருங்கள்.
- களைத்த பிறகும் இன்னொரு சுற்று. முன்கை மரத்து, விரல் லீவரைத் தாமதமாகத் தேடுகிறது என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது.
- கூட்டத்தின் வேகத்தில் ஓடுவது. குழுவில் மெதுவானவர் வைப்பதே எல்லோருக்கும் வேகம். முன்னால் போகும் வண்டியின் தூசி அடங்கும் தூரம் இடைவெளி விடுங்கள்.
- தனியே போவது. குறைந்தது மூன்று பேர். ஒருவர் விழுந்தால் ஒருவர் உடனிருக்க, ஒருவர் உதவி தேடிப் போக வேண்டும்.

விழுந்தால்

1. பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். விழுந்த வண்டியின் எஞ்சினை அணையுங்கள்.
2. விழுந்தவரை உடனே எழுப்பாதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றாலோ, நினைவு தப்பியிருந்தாலோ அசைக்காமல் தலையைப் பிடித்திருங்கள். மூச்சுக்குத் தடையில்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.
3. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.
4. 108-ஐ அழையுங்கள். தோட்டப் பகுதிகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல. சிக்னல் கிடைக்கும் மேடு எது என்று முன்பே பார்த்து வையுங்கள். அருகிலுள்ள கோவில், தேவாலயம், பேருந்து நிறுத்தம் ஒன்றின் பெயரைச் சொன்னால் ஆம்புலன்ஸ் விரைவில் வந்து சேரும். பெரிய அடிக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.
5. ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வலி குறைவாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தம் கசியக்கூடும்.
6. தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி வண்டியைத் தொடக்கூடாது. அவரே பரவாயில்லை என்று சொன்னாலும் கூடாது.
7. மண் பட்ட காயத்துக்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

எட்டு வாரத் திட்டம்

வாரத்துக்கு இரண்டு காலைப்பொழுது, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்.

- வாரம் 1: படி 1, 2, 3. வேகம் வேண்டாம்.
- வாரம் 2: படி 4. நின்றபடி நேர்கோடு, பிறகு பெரிய வட்டம்.
- வாரம் 3: படி 5. ஒவ்வொரு நாளும் முதல் அரைமணி நேரம் கிளட்ச்.
- வாரம் 4: படி 6. எட்டு வடிவம். இந்த வாரத்தையொட்டிப் பயிற்சித் தளத்துக்குப் போனால் பலன் அதிகம். கேள்விகளோடு போவீர்கள்.
- வாரம் 5, 6: படி 7. பாதியில் நின்றுபோகும் பயிற்சியை வேண்டுமென்றே செய்யுங்கள்.
- வாரம் 7: படி 8-ஐ ஆழம் குறைந்த, நின்ற நீரில் பழகுங்கள். சரள் மண்.
- வாரம் 8: அனுமதி பெற்ற தோட்டத்துப் பாதையில், அனுபவமுள்ளவர் முன்னே போக, ஐந்து கிலோமீட்டர்.

நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு நாளும் எது வந்தது, எது வரவில்லை என்று எழுதுங்கள். வராததிலிருந்து அடுத்த நாளைத் தொடங்குங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்கு நீங்கள் தயாரா?

கீழ்க்கண்ட ஆறையும் யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய முடிந்தால் நீண்ட மண்பாதைப் பயணம் பற்றிய அடுத்த அத்தியாயத்தைத் திருப்பலாம்:

1. விழுந்த வண்டியை இரு பக்கமும் தூக்க முடிகிறது.
2. கால் ஊன்றாமல் நடை வேகத்தில் எட்டு வடிவம் போட முடிகிறது.
3. நின்றபடியே இரு பிரேக்கையும் பிடித்து, சொன்ன இடத்தில் நிற்க முடிகிறது.
4. ஏற்றத்தில் பாதியில் நின்ற வண்டியைப் பதறாமல் திருப்பி இறக்க முடிகிறது.
5. ஓடையைப் பார்த்து, கடக்கலாமா கூடாதா என்று காரணத்தோடு சொல்ல முடிகிறது.
6. நண்பர்கள் எல்லோரும் கடந்த பிறகும், உங்களுக்குச் சரிப்படாத இடத்தில் "நான் வரல" என்று சொல்லித் திரும்ப முடிகிறது.

ஆறாவது வரவில்லை என்றால் மற்ற ஐந்தும் உங்களைக் காப்பாற்றாது. அதை மட்டும் எந்தப் பயிற்சியாளராலும் சொல்லித்தர முடியாது, நீங்களாகவே பழக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடம் விளை கேட்கலாம் என்று இன்றே யோசித்து வையுங்கள். போகும்போது வண்டியோடு அல்லாமல் முதலில் நடந்து போய் அனுமதி கேளுங்கள்.